வெள்ளைக்காரர் தேய்த்த பல்

அந்தத் தெருவில் அவரை வெள்ளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆள் என்னவோ நல்ல கறுப்பு. மாடியில் இருக்கிற பல் செட் செய்கிற லேபில் நாளெல்லாம் அச்சில் வார்க்கிற வெள்ளை மாவைக் கலக்கிவிட்டுச் சாயங்காலம் படி இறங்கும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். கீழே டீக்கடைக்காரர் ஒருநாள் "வாங்க வெள்ளைக்காரரே" என்று சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர் கடையை விற்றுவிட்டுப் போய்ப் பத்து வருடமாகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவரைப் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்குச் சுருக்கென்று வரும். "டாக்டரு வாயப் பாப்பாரு. நான் மாவப் பாப்பேன். ரெண்டும் ஒண்ணா?" என்பார். உண்மைதான். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் தாடை மாதிரியே ஒரு வார்ப்பு எடுப்பார். ரோஸ் நிற மெழுகை ஈறு மாதிரி இழைத்து அதில் ஒவ்வொரு பல்லாக நடுவார். பிறகு மெழுகை வெந்நீரில் உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறுக்கான மாவைத் திணித்து வேகவைப்பார். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது. பேருந்தில் எதிரே யாராவது சிரித்தால், "இது நம்ம வேலைதான்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பதிலுக்குச் சிரிப்பார். அந்த ஆள், 'யாரிந்தப் பைத்தியம்' என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவருடைய வேலையில் ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மெழுகை உருக்கி எடுத்த பிறகு பல்லின் அடிப்பக்கத்தில் கடுகளவு ரோஸ் நிறம் ஒட்டியிருந்தாலும் போச்சு. ஈறு பிடிக்காது. ஆறே மாதத்தில் அந்தப் பல் மட்டும் கழன்று யாருடைய தட்டிலாவது விழும். அதனால் ஒவ்வொரு பல்லையும் எடுத்து, வெந்நீரில் காட்டி, சின்னக் கெட்டி பிரஷ்ஷால் அடிப்பக்கத்தை நறநறவென்று தேய்ப்பார். தேய்த்ததைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். இருபத்தாறு வருடமாக இதே பழக்கம். சட்டைப் பையில் பென்சிலுக்குப் பக்கத்தில் எப்போதும் அந்த பிரஷ் இருக்கும். "வெள்ளைக்காரர் கட்டின செட்டுல பல்லு விழாது" என்று டாக்டர்கள் சொல்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, விழுந்ததும் இல்லை.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரியில் ஹாக்கி ஆடுகிறாள். கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிறவள். பின்னால் நின்று முழு அணியையும் அதட்டி வேலை வாங்குகிற இடம் அது. கூட ஆடுகிற பெண்கள் அவளுக்குச் சைரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆறு நாளும் லேப், ஏழாவது நாள் தூக்கம் என்று இருக்கிற மனுஷன் மைதானத்தை எங்கே பார்த்தார்?

அந்த வருடம் வேறொரு கல்லூரிப் பெண்ணுக்குப் பந்து பட்டு உதடு கிழிந்து, கீழ்ப்பல் இரண்டு ஆடிப்போய்விட்டது. பயிற்சியாளர் பயந்துபோய் லேபுக்கே வந்துவிட்டார். வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்கிற கடை மவுத் கார்டை, அதாவது பல் கவசத்தை, இந்தப் பெண்கள் சூயிங் கம் மாதிரி மென்று துப்பிவிடுகிறார்களாம். "பதினாறு பேருக்கும் வாய்க்கு அளவா செஞ்சு குடுங்க. உங்க பொண்ணும் அதுல ஒருத்திதானே" என்றார். வெள்ளைக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. இருபத்தாறு வருடமாகப் போன பல்லுக்கு மாற்றுப் பல் செய்தவர், முதல் தடவையாகப் போகாமல் இருக்க ஒன்று செய்யப் போகிறார்!

அவருக்கு வேலை கொடுக்கிற டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை பதினாறு பேருக்கும் அச்செடுத்துக் கொடுத்தார். இவர் தாடைகளை வரிசையாக நிறுத்தினார். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடு காட்டித் தொங்கவிட்டு, தாடை மேல் கவிழ்த்து, மெஷின் காற்றை உறிஞ்சும்போது அது பல் பல்லாகப் போய் ஒட்டுவதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஷீட், ஒன்றின் மேல் ஒன்று. அதுதான் சரியான கனம்.

ஒன்பதாவதோ பத்தாவதோ வந்த தாடையை அவர் சீட்டைப் பார்க்காமலே அடையாளம் கண்டுகொண்டார். மேல் வரிசையில் இடது முன்பல் பக்கத்துப் பல்லை லேசாக முந்திக்கொண்டு நிற்கும். ஆறு வயதில் முளைத்த அன்றைக்கே பார்த்த பல்லாயிற்றே. இரண்டு ஷீட் போட்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் புரட்டினார். மூன்றாவதாக இன்னொன்றும் போட்டார். தகப்பன் மனசு, குற்றம் சொல்ல முடியுமா? முடியும். சொல்லத்தான் போகிறேன்.

வீட்டில் கூடத்து விளக்கடியில் உட்கார வைத்து மகள் வாயில் அதை மாட்டினார். "கடி. நல்லாக் கடி. ஈறுல குத்துதா? புடிக்குதா? எப்படி இருக்கு?" என்று வரிசையாகக் கேட்டார். அவள் "ம்ம்" என்று தலையாட்டினாள். அவருக்குப் பரம திருப்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு ஆட்டம் பார்க்கவும் போனார். மகள் வாய் நிறைய கார்டோடு ஆடினாள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எவ்வளவு அடக்கமா ஆடுறா தெரியுமா? ஒரு சத்தம் இல்ல" என்றார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அந்தம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "யாரு, உங்க பொண்ணா? அடக்கமா? மைதானம் மாறிப் போயிட்டீங்களா?"

அரையிறுதி ஒரு சனிக்கிழமை வந்தது. அவசரமாக முடிக்க வேண்டிய செட் ஒன்று இருந்ததால் வரமுடியாது என்று சொல்லியிருந்தார். ஆனால் வேலை மதியமே முடிந்துவிட்டது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பேருந்து ஏறினார். போய்ச் சேரும்போது ஆட்டம் பாதிக்கு மேல் போயிருந்தது. கம்பி வேலிக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டார். உள்ளே யாரோ ஒரு பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "இடது பக்கம் ஆளு நிக்குது பாரு! ஏறு! ஏறு! விடாத!" அப்பப்பா, என்ன குரல்! யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டார்.

மட்டை ஒன்று பந்தை அடியில் கொத்தியது. பந்து எகிறியது. கத்திக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது.

ஐம்பத்தொரு வயசு மனுஷன் அந்த வேலியை எப்படித் தாண்டினார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. மகள் முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். அவருடைய கண் எங்கே போனது என்கிறீர்கள்? அவளுடைய கால் உறைக்கு. அதில் நீலமாக ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. இழுத்தார். மூன்று ஷீட் போட்ட மவுத் கார்டு.

"இதுக்குத்தானே செஞ்சு குடுத்தேன்? கால்ல மாட்டிக்கவா செஞ்சேன்? போட்டிருந்தா இது நடக்குமா?" என்று ரத்தம் வழிகிற பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். கோபம் இல்லை, பயம். நம் வீட்டு ஆண்களுக்குப் பயம் வந்தால் அது கத்தலாகத்தானே வெளியே வருகிறது!

அதற்குள் கூட ஆடின பெண் ஒருத்தி புல்லில் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அங்கிள், பல்லு!" என்று அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த இடது முன்பல்தான். உடையாமல் முழுசாக வந்திருந்தது. வேரோடு. அவர் செய்கிற பல்லுக்கெல்லாம் வேர் கிடையாது. இவ்வளவு நீளமாக, கூம்பிப்போன ஒரு பல்லை அவர் கையில் வைத்துப் பார்த்ததே இல்லை. வேரில் நாலைந்து மணல். மணலுக்கு அடியில் மெல்லிசாக, ஈரமாக, ரோஸ் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

ரோஸ் நிறம். பல்லின் அடிப்பக்கத்தில்.

அவர் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருடக் கை யோசித்தது. குழாயடிக்கு நடந்தார். திறந்துவிட்டார். பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தார். நறநறவென்று தேய்த்தார். திருப்பித் தேய்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தந்தம் மாதிரி வெளேரென்று ஆனபிறகுதான் கை நின்றது. கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டார். பெஞ்சில் ஐஸ் துணியை வாயில் வைத்தபடி மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்குத்தான் என்ன தெரியும்?

பயிற்சியாளருடைய காரில் டாக்டரம்மாவிடம் போனார்கள். காரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லிப் பயிற்சியாளர் கீழேயே இருந்துவிட்டார். டாக்டரம்மா வாயைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அரை மணிதானே ஆச்சு? ரொம்ப நல்லது. திரும்ப வெச்சுடலாம். ஆயுசுக்கும் இருக்கும். பல்லு எங்க?"

வெள்ளைக்காரர் கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டாக்டரம்மா பல்லைத் தலைப்பக்கமாகப் பிடித்து விளக்கில் திருப்பினார். மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது. "யாரு இதை இப்படித் தேய்ச்சது?"

டாக்டரம்மா வேரை இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேர் மேல ரோஸா ஒரு தோல் இருந்திருக்குமே. அது அழுக்கு இல்ல. அதுக்கு உயிர் இருக்கு. அதுதான் எலும்போட திரும்ப ஒட்டுறது. வேரைத் தொடவே கூடாது. மேல் பக்கம் புடிச்சு, மண்ணு இருந்தா லேசாத் தண்ணி காட்டி, அப்படியே குழியில வெச்சுக் கடிச்சுக்கிட்டு வந்திருக்கணும். பயமா இருந்தா பால்ல போட்டு எடுத்துக்கிட்டு வந்தாக்கூடப் போதும். இதுல ஒண்ணுமே மிச்சம் இல்லையே. யாரு தேய்ச்சதுன்னு கேக்குறேன்!"

வெள்ளைக்காரருக்கு எதிரே சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த மகள், வாய் நிறையப் பஞ்சோடு, கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான்தான்.

டாக்டரம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். "படிச்ச பொண்ணுதானே நீ? அப்பா இந்தத் தொழில்ல இருக்காரு. ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா?" அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளைக்காரர் காலண்டரில் அந்த மாதத்துத் தேதிகளை எல்லாம் படித்து முடித்தார்.

'அவ இல்ல, நான்' என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடி ஒன்றரை வருடம் ஓடியது.

டாக்டரம்மா தன்னால் ஆனதைச் செய்தார். பல்லைக் குழியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு கம்பி போட்டுக் கட்டினார். நாலு வாரம் கழித்துக் கம்பியை எடுத்தார். பல் நின்றது. "நிக்கும். ஆனா எத்தனை நாள்னு சொல்ல முடியாது. தோல் போன வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். சிலருக்குப் பத்து வருஷம் ஓடும். சிலருக்கு ரெண்டு வருஷம்கூடத் தாங்காது" என்றார்.

வீட்டில் கதை வேறு மாதிரி இறுகிப்போனது. பல்லைத் தேய்த்தது மகள் என்று அம்மா நம்பினார். யார்தான் நம்ப மாட்டார்கள்? சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். "உலகத்துல எவளாவது விழுந்த பல்லைப் போய் விளக்குவாளா? வைத்தியன் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க?" மாமா ஒருவர் வருவார், வாய்த்துடுக்கு. "பாத்திரம் தேய்க்கச் சொன்னா ஓடுவா. பல்லை மட்டும் நல்லாத் தேய்ச்சிருக்கா பாரு!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். மகளும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள். வெள்ளைக்காரர் மட்டும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிடுவார். சிரிக்கத் தெரியாத மனுஷன் என்று மாமா அதற்கும் ஒரு வார்த்தை சொல்வார்.

லேபிலும் அவர் கை பழைய கை இல்லை. மெழுகு உருக்கிய பல்லை எடுப்பார். ரோஸ் நிறத்தைப் பார்த்ததும் பிரஷ் நின்றுவிடும். 'இது மெழுகுதான், மெழுகுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகுதான் தேய்ப்பார்.

மகள் மறுபடி ஆடப் போனாள். கம்பி எடுத்ததும் அவர் புதுக் கார்டு செய்து கொடுத்திருந்தார். இதுவும் மூன்று ஷீட்தான். இப்போது கால் உறைக்குள் போகவில்லை. ஒழுங்காக வாயில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறக்கவே இல்லை. நாலைந்து ஆட்டத்தில் பயிற்சியாளர் அவளை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றினார். பிறகு பெஞ்சில் உட்கார வைத்தார். வெள்ளைக்காரர், "பெஞ்சுல இருந்தா பந்து படாது" என்று மனசைத் தேற்றிக்கொண்டார். என்னத்தைச் சொல்ல!

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் ஆப்பிள் துண்டைக் கடித்தபோது அந்தப் பல் சாய்ந்தது. டாக்டரம்மா இரண்டு விரலால் பிடித்தார், வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, ஒரு நொறுங்கல் மட்டும்.

மறுநாள் லேபுக்கு வந்த பெட்டியில் ஓர் அச்சு இருந்தது. மேல் வரிசை, இடது முன்பல், ஒரு பல் மட்டும் வைத்து அண்ணத்தில் மாட்டுகிற சின்னத் தட்டு செய்ய வேண்டும் என்று சீட்டு. மாவை ஊற்றி எடுத்தார். தாடையைக் கையில் பிடித்தார். முந்திக்கொண்டு நிற்கிற பல் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு பள்ளம். அதைக் கீழே வைத்துவிட்டு, மாவுக் கையோடு அப்படியே படி இறங்கி டாக்டரம்மாவிடம் நடந்தார்.

நோயாளிகள் போகும்வரை வராந்தாவில் நின்றார். உள்ளே போனதும் உட்காரவில்லை. "டாக்டரம்மா, அன்னிக்கு அதத் தேய்ச்சது அவ இல்ல. நான்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தெரியும்."

"தெரியுமா?"

"வேர் முழுக்க பிரஷ் கோடு இருந்துச்சு. வாய் கிழிஞ்ச பொண்ணு குழாயடியில நின்னு அவ்வளவு சுத்தமாத் தேய்ப்பாளா? அது லேப் கை. நான் அவளையா திட்டினேன்? உங்க காதுல விழட்டும்னுதானே அவ்வளவு சத்தமாத் திட்டினேன்." கையுறையைக் குப்பைக் கூடையில் போட்டார். "அன்னிக்கே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சரி, இப்ப என்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? பேச்சு வாங்கினது நான் இல்லையே."

அவருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை என்பதால் இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் பொக்கை தெரியாமல் வாயை ஒரு பக்கமாக ஒதுக்கிச் சாப்பிட்டாள். அம்மா பார்த்தார். வழக்கம்போல ஆரம்பித்தார். "அன்னிக்கு மட்டும் அந்தப் பல்லை நீ தேய்க்காம இருந்திருந்தா..."

"அவ தேய்க்கல. நான்தான் தேய்ச்சேன்."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். குழாயடி, பிரஷ், ரோஸ் நிறம், காலண்டர், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது தட்டில் போட்டது ஆறிப்போயிருந்தது.

"ஒன்றரை வருஷம்" என்றார் அம்மா. "ஒன்றரை வருஷமா இந்த வாயால அவளைத் திட்ட வெச்சீங்களே! பெத்த புள்ளையை, செய்யாத தப்புக்கு! பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டும் இருந்தீங்களே! அடப் பாவி மனுஷா, கல்லா நீங்க?" எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்து மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

வெள்ளைக்காரர் மகளைப் பார்த்தார். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று நினைத்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதை இப்ப யாரு சொல்லச் சொன்னது?" என்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நீ ஏம்மா உன் மேல போட்டுக்கிட்ட?"

அவள் வேறொன்றைக் கேட்டாள். "கார்டு ஏன் கால் உறையில இருந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"போட்டுக்க சோம்பேறித்தனம்னு..."

"அதப் போட்டா பேச முடியாதுப்பா. வாய்க்குள்ள செங்கல்லு வெச்ச மாதிரி இருக்கும். நடுவுல நிக்கிறவ கத்தலன்னா டீமே குருட்டுத்தனமா ஆடும். மத்தவங்க கார்டெல்லாம் மெல்லிசா இருக்கு. அவங்க பேசுறாங்க, தண்ணிகூடக் குடிக்கிறாங்க. எனக்கு மட்டும்..."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! போட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு கேட்டேனே!"

"கேட்டீங்க. அதை வாயில வெச்சுட்டுக் கேட்டீங்க. நான் எப்படிப் பதில் சொல்றது?"

வெள்ளைக்காரருக்கு அன்று அதற்கு மேல் ஒரு வாய் இறங்கவில்லை.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவளை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேறு யாரும் இல்லை. ஒற்றைப் பல் வைத்த சின்னத் தட்டைச் செய்து முடித்திருந்தார். ஆனால் ஆடும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், விழுங்கிவிட்டால் வம்பு. அதனால் பள்ளத்தை நிரப்பிப் புதிதாகக் கார்டு செய்தாக வேண்டும். இரண்டு ஷீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

சூடு காட்டி, இழுத்து, ஆறவைத்து, ஓரம் வெட்டி, அவள் கையில் கொடுத்தார். அவளே மாட்டிக்கொண்டாள். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பேசு" என்றார்.

"என்ன பேஷ?"

"ச குழறுது. கழட்டு." மேலண்ணப் பக்கம் கொஞ்சம் ராவினார். கழுவித் திருப்பிக் கொடுத்தார். "இப்பப் பேசு. ஒரு வார்த்தையெல்லாம் போதாது. நிறையப் பேசணும், சத்தமாப் பேசணும். அப்பத்தான் எங்க இடிக்குதுன்னு தெரியும்."

"என்னத்தப் பேசுறது?"

அவர் கையில் இருந்த ராவுகிற கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திட்டு. என்னைத் திட்டு."

அவள் சிரித்துவிட்டாள். "பைத்தியமாப்பா உங்களுக்கு?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பும் மெல்ல நின்றது.

"மத்த பதினஞ்சு பேருக்கும் ரெண்டு போட்டுட்டு எனக்கு மட்டும் மூணு போடச் சொல்லி நான் கேட்டேனா?" என்று ஆரம்பித்தாள். குரல் முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கும்போது என் கால் உறையப் புடுங்கிட்டுக் கத்துனீங்க. அத்தனை பேர் முன்னாடி. அம்மா திட்டும்போதெல்லாம் கை கழுவப் போயிடுவீங்க. மாமா சிரிக்கிறாரு, நானும் சிரிக்கணும். என்னை பெஞ்சுல உக்கார வெச்சப்ப நீங்க சந்தோஷப்பட்டீங்க. ஆமா, சந்தோஷப்பட்டீங்க, நான் பார்த்தேன்." இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். மைதானத்தின் மறுகோடி வரை கேட்கிற குரல் அந்தச் சின்ன அறையில் மோதியது. "அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்போ உங்க மூஞ்சியப் பார்த்தேன். பயந்து போயிருந்தீங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. உங்களுக்கு ஒரு நிமிஷம் வேணும்னுதான் நான் கையத் தூக்கினேன். ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். கண்ண மூடிக்கிட்டு எண்ணிட்டு இருந்தேன்பா. கம்பி கட்டி முடிக்கிற வரைக்கும் எண்ணிட்டே இருந்தேன்."

அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. அவர் ராவுகிற கருவியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு அங்கே வேலை இல்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.